ஒரிஜினல் சாமான்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து ஹபீப் ரகுமான் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். "அந்தச் சத்தம் போடுற பாய் கடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். சத்தம் போடாமல் என்ன செய்வது? பெட்ரோல் ஒழுகுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். "பாய், சல்லிசா ஒரு சாமான் குடுங்க, ஆனா நல்லா ஒழைக்கணும்" என்பான். சல்லிசாகவும் இருக்க வேண்டும், உழைக்கவும் வேண்டும். அப்படி ஒரு சாமானை அல்லா இன்னும் படைக்கவில்லை.

மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் உதிரிச் சாமான்கள்தான் என் வியாபாரம். கடையில் இரண்டு அலமாரி. இடது பக்கம் கம்பெனி ஒரிஜினல். வலது பக்கம் டூப்ளிகேட். எதிலிருந்து எடுத்தாலும் வாங்குகிறவன் கண் முன்னால்தான் எடுப்பேன், வாயாலும் சொல்வேன். டூப்ளிகேட் விற்பது ஒன்றும் பாவமில்லை. சொல்லாமல் விற்பதுதான் பாவம். பெட்ரோல் போகிற ரப்பர் ஓஸ் மட்டமானதே போதும். வெடித்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம். வாஷரும் அப்படித்தான். ஆனால் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பிலும், கார்ப்பரேட்டருக்குள் இருக்கிற ஊசியிலும், பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜெட்டிலும் காசைப் பார்க்கக் கூடாது. அவை உள்ளுக்குள்ளேயே கெடும். நடுக்காட்டில் வண்டி நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். இதை ஒவ்வொருத்தனுக்கும் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லித்தான் அனுப்புவேன்.

பெட்ரோல் விலை திடீரென்று எகிறிய சமயம், எழுபத்து நான்காம் வருஷம், ராஜகுரு அண்ணாச்சி தம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜவுளி வியாபாரி. கைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துண்டும் வேட்டியும் நெய்து வாங்குவார். அவற்றைக் கட்டுக் கட்டாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருச்சுழி, நரிக்குடி, ரெட்டியபட்டி என்று ஊர் ஊராகப் போய் விற்பார். வண்டியின் பெட்ரோல் டேப்பு சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கு ஒவ்வொரு சொட்டும் அவர் நெஞ்சில்தான் விழுந்திருக்கும்.

"பாய், அந்த வலது பக்க அலமாரியில இருந்து ஒண்ணு எடுங்க" என்றார்.

"ஓஸ் வேணும்னா அதுல எடுத்துக்கோங்க அண்ணாச்சி. டேப்பு ஒரிஜினல் போடுங்க. ஊசியும் ஜெட்டும் சேத்துப் போட்டுருங்க, எல்லாம் தேஞ்சு கெடக்கு."

"ஒரிஜினல்னு சொல்லி நாலு மடங்கு வாங்குறீக. உள்ளாற தங்கமா வச்சிருக்கான்?"

"இந்தா பாருங்க, வேணாம்னா போங்க. நாளைக்குக் கானலுக்குள்ள நின்னுக்கிட்டு என்னையத் திட்டக் கூடாது."

அரை மணி நேரம் பேரம் பேசினார். நான் கத்தினேன், அவரும் கத்தினார். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரிஜினலே வாங்கினார். என் கடைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் வேலை பார்க்கிற மெக்கானிக் சீனிச்சாமிதான் மாட்டிக் கொடுத்தான். ஒழுகல் நின்றது. வண்டி ஜம்மென்று கிளம்பிப் போனது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. திருச்சுழிக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சீனிச்சாமி கார்ப்பரேட்டரைப் பிரித்தான். ஜெட்டில் வெள்ளையாகப் பசை போல ஏதோ அடைத்திருந்தது. டேப்புக்குள் இருக்கிற சல்லடையிலும் அதே வெள்ளை. கழுவிப் போட்டான், ஓடியது. நாலு நாள் கழித்து மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே வெள்ளை.

சீனிச்சாமி நல்ல வேலைக்காரன்தான். வாய்தான் கேடு கெட்டது. அவன் அந்தப் பசையைக் கட்டை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மட்டமான வார்ப்பா இருந்தா டேப்பு இப்படித்தான் வெள்ளையாப் பூத்துக் கரையும்" என்று சொல்லித் தொலைத்தான். டூப்ளிகேட் டேப்பு அப்படிக் கரைந்து நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இது நான் இடது பக்க அலமாரியிலிருந்து என் கையால் எடுத்துக் கொடுத்தது.

ராஜகுரு எழுந்து நின்றார். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுவதும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஒரிஜினல் கரையுமாய்யா? ஒரிஜினல் விலை வாங்கிட்டு டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டான்யா இந்த ஆளு! இடது அலமாரியாவது வலது அலமாரியாவது, எல்லாம் ஒரே சரக்குத்தான். காது குத்துறான்!"

எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சீனிச்சாமிதான் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினான். கொஞ்சம் தணிந்த பிறகு கேட்டேன்.

"பெட்ரோல் எங்க அடிக்கிறீக? பெட்ரோல்ல ஏதாச்சும் கெடுதி இருக்கப் போகுது."

"பங்க்குலதான். வேற எங்க அடிப்பாக? ஊரே அங்கதான் அடிக்குது. எனக்கு மட்டும் வெள்ளையா வருதாக்கும்?"

அதே பெட்டியிலிருந்த இன்னொரு டேப்பைக் கண்ணாடித் தம்ளரில் பெட்ரோல் ஊற்றி ஊறப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதைக் காட்டியபோது, "இது காமிக்கிறதுக்குன்னு எடுத்து வச்ச சாமான்" என்று சொல்லிவிட்டார். அந்த நாக்கை என்ன செய்ய?

அந்த வாரம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. போன வருஷம் வாங்கிய சாமானையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து, "இது எந்த அலமாரி பாய்?" என்று இளித்துக்கொண்டு கேட்டார்கள். போதாக்குறைக்கு ராஜகுரு வியாபாரிகள் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விசாரணை. புகார் உண்மை என்று சங்கத்தில் முடிவானால் மதுரை மொத்த வியாபாரிக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். அவர் எனக்கு ஒரிஜினல் தருவதை நிறுத்திவிடுவார். இடது அலமாரி காலியாகிவிடும். அப்புறம் நான் யார்? டூப்ளிகேட் விற்கிற டூப்ளிகேட் பாய். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. ஒரு வேளை மதுரைக்காரரே என்னை ஏமாற்றிவிட்டாரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் எல்லாவற்றையும்விட வலித்தது.

சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் ராஜகுரு வீட்டுக்கே போனேன். என் டேப்பைக் கழற்றிவிட்டு வேறு எதையாவது மாட்டி வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட வேண்டும். அவர் வீட்டில் இல்லை. வாசலில் ஸ்கூட்டர் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அவர் சம்சாரம் சௌந்தரம் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணே. அவுக நரிக்குடிக்குப் போயிருக்காக. பஸ்ஸு மேல மூட்டைய ஏத்திக்கிட்டு அலையிறாக, பாக்கவே கஷ்டமா இருக்கு. நீங்களாச்சும் இந்த வண்டிய என்னன்னு பாருங்கண்ணே. நீங்க சத்தம் போடுவீகளே ஒழிய ஏமாத்த மாட்டீக, எனக்குத் தெரியும்."

அந்த வாரம் முழுவதும் என் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து சாக்கை விலக்குகிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

டேப்பைக் கழற்றிப் பார்த்தேன். கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது. என் சாமான்தான். சல்லடையில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துணியால் துடைத்து எடுத்தால் உலோகம் பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளிகூடக் கரையவில்லை. அப்படியானால் இந்தக் கண்றாவி வெளியிலிருந்துதான் வருகிறது.

"பங்க்குக்குப் போயி யாரு பெட்ரோல் அடிச்சுட்டு வாரது தாயி?"

"பங்க்குக்கு எதுக்குண்ணே போகணும்? பின்னால பீப்பாயில இருக்கே. விலை ஏறப் போகுதுன்னு காதுல விழுந்ததுமே அவுக வாங்கிப் போட்டுட்டாக. ஒழுகல் நின்ன பொறவு அதைத்தான் ஊத்துறோம்."

பதுக்கல்! அதனால்தான் அந்த மனுஷன் பங்க்கு, பங்க்கு என்று சாதித்திருக்கிறார். கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். பழைய பீப்பாய், துரு ஏறியது. ஒரு குச்சியை விட்டுப் பார்த்ததில் அடியில் தண்ணீரும் இருந்தது.

"துருவா இருக்கேம்மா. அப்படியேவா ஊத்துறீக?"

"அப்படியே ஊத்துவனா? துணியில வடிகட்டித்தான் ஊத்துவேன். அதுவும் பழந்துணி ஆகாது, அழுக்கு எறங்கும். ஒவ்வொரு தடவையும் நம்ம விக்கிற கட்டுல இருந்து புத்தம் புதுத் துண்டா எடுத்துத்தான் வடிகட்டுறது. வண்டிக்குச் சுத்தம் வேணும்ல?"

பெருமையாகச் சொன்னாள். "ஒண்ணு எடுத்தாங்க" என்றேன். எடுத்து வந்தாள். துண்டு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. ராஜகுரு துண்டு என்றாலே அப்படித்தான். கைக்குக் கனமாக, மொடமொடவென்று இருக்கும், விலையும் சல்லிசு என்று கிராமத்தில் நல்ல பேர். இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கினேன். வெள்ளைத் தூள் புழுதி போலப் பறந்தது.

நெய்கிற ஊரில் கஞ்சியைத் தெரியாதவன் யார்? நெய்யும்போது நூல் அறாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், அது முறை. ஆனால் இது அந்தக் கஞ்சி இல்லை. நெய்து முடித்த பிறகு கிழங்கு மாவைக் காய்ச்சித் துணி முழுக்க அப்பியிருந்தது. பெட்ரோல் ஊற்றும்போது அந்தத் தூள் உதிர்ந்து டேங்குக்குள் போயிருக்கிறது. பீப்பாயின் அடித்தண்ணீரும் கூடவே போய், இரண்டும் சேர்ந்து உள்ளே பசை காய்ச்சியிருக்கின்றன.

தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்த வாளியில் துண்டைப் போட்டு நாலு கசக்குக் கசக்கினேன். தண்ணீர் அரிசி கழுவிய மாதிரி ஆகிவிட்டது. பிழிந்து விரித்தால் துண்டு எங்கே? கொசுவலை. அந்தப் பக்கம் நிற்கிற சௌந்தரத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

நான் குதித்தேன். "அகப்பட்டான்டா ராஜகுரு! என்னையவா டூப்ளிகேட்டுன்னு சொன்னே? நாளைக்குச் சங்கத்துல வச்சு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு!"

கத்தி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சி போடுறது தெரியும்ணே. இம்புட்டுப் போடுறாகன்னு தெரியாது" என்றாள். பிறகு, "நான்தான் காமிச்சேன்னு மட்டும் சொல்லிராதீகண்ணே. சொன்னீகன்னா இந்த வீட்டுல எனக்குப் பொழப்பு இல்ல."

"அல்லா மேல ஆணையாச் சொல்ல மாட்டேன் தாயி."

எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் நாக்குத்தான் ஓடும். ஆணையிட்டுவிட்டு, பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. பீப்பாய் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. துண்டும் அந்த வீட்டுத் துண்டு. வடிகட்டுகிறது அவள் ஒருத்தி. இதில் எதைத் தொட்டுப் பேசினாலும் அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகிவிடும். என் கையில் சாவி இருந்தும் பூட்டைத் திறக்க முடியாது.

வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் சர்புன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் சத்தம் போடுறீக, எடுக்கக் கூடாத எடத்துல ஆணைய எடுத்துட்டு வந்து நிக்கிறீக. கடைய யாரு காப்பாத்துறது?"

"நான் என்ன செய்ய? அந்தப் புள்ள என்னைய நம்பிக் காமிச்சுச்சு."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்து மாடியில் கூட்டம் நிறைந்துவிட்டது. சத்தம் போடுகிற பாய் இன்றைக்கு என்ன சத்தம் போடப் போகிறான் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. மளிகைக்கடைத் தங்கசாமி அண்ணாச்சிதான் சங்கத் தலைவர். ராஜகுரு ஒரு சின்ன பாட்டிலை மேசை மேல் வைத்தார். ஜெட்டிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பசை அதில் இருந்தது.

"எல்லாரும் பாத்துக்கோங்க. இதுதான் பாய் வித்த ஒரிஜினல். கரைஞ்சு பசையா வந்திருக்கு. பங்க்குல அடிச்ச சுத்தமான பெட்ரோலத் தவிர என் வண்டியில வேற எதுவும் ஊத்தல."

என் நெஞ்சு எரிந்தது. பொய் சொல்லும்போது அந்த மனுஷனுக்குக் கண்கூடச் சிமிட்டவில்லை. தங்கசாமி என்னைப் பார்த்தார்.

"பாய், நீங்க என்ன சொல்றீக?"

ஒரு வாரமாக மனதுக்குள் சேர்த்து வைத்த பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாமான் ஒரிஜினல் அண்ணாச்சி. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

"அப்ப இந்த வெள்ளை எப்படி வந்துச்சு?"

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசாமல் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். பின்னாலிருந்து ஒருத்தன், "பாய்க்கு வாய் அடைச்சிருச்சுய்யா, ஜெட்டு அடைச்ச மாதிரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கசாமி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பதில் இல்லைன்னா மதுரைக்கு எழுத வேண்டியதுதான் பாய். எங்களுக்கும் வேற வழி இல்ல" என்றார்.

அப்போதுதான் மாடிப்படியில் ஆட்கள் விலகினார்கள். சௌந்தரம் ஏறி வந்தாள். ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. அந்த மாடிக்கு ஒரு பொம்பளை ஏறி நான் பார்த்ததே இல்லை.

"நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ" என்றார் ராஜகுரு.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்."

வாளியை மேசைக்கு முன்னால் வைத்தாள். துண்டை அதற்குள் போட்டுக் கசக்கிப் பிழிந்தாள். விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். சன்னல் வெளிச்சம் அதற்குள்ளே புகுந்து வந்தது.

"எங்க வீட்டுப் பீப்பாயில இருக்கிற பெட்ரோல நான் இந்தத் துண்டுலதான் வடிகட்டி ஊத்துனேன். அந்தப் பாட்டில்ல இருக்கறது டேப்பு இல்ல. எங்க கஞ்சி. பாய் அண்ணனுக்கு இது நேத்தே தெரியும். நான் சொல்லக் கூடாதுன்னு கேட்டேன், அவரு கடை போனாலும் போகட்டும்னு வாய மூடிட்டு நிக்கிறாரு."

ராஜகுரு, "அவளுக்கு என்ன தெரியும், உளறுறா" என்று ஆரம்பித்தார்.

"நேத்து நீங்க வந்ததும், வண்டியில அடைக்கிறது நம்ம கஞ்சின்னு ஒங்ககிட்டத்தான மொதச் சொன்னேன்? 'தெரியும், வாய மூடிக்கிட்டுக் கெட'ன்னு சொன்னீகளா இல்லையா?"

தெரிந்துகொண்டேதான் அந்த ஆள் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பீப்பாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரவர் கொல்லையில் என்ன கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? அங்கிருந்த மற்ற ஜவுளிக்காரர்களும் அந்தத் துண்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் சல்லிசாத்தான கேக்குறான்? அதையும் கனமாக் கேக்குறான். நான் எங்க போக?" என்றார் ராஜகுரு. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"அத அப்புறம் பேசலாம். மொத அந்த அண்ணன் பேரத் திருப்பிக் குடுங்க" என்றாள் சௌந்தரம்.

"டேப்பு ஒரிஜினல்தான்" என்று முனகினார்.

"பஸ் ஸ்டாண்டுல சொன்னப்ப எம்புட்டுச் சத்தமாச் சொன்னீகளோ, அம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார். பாய் மேல் தப்பு இல்லை, சாமான் ஒரிஜினல்தான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். என் வயிறு குளிர்ந்தது. தங்கசாமி எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். சிரித்தவர்களே வந்து கையைப் பிடித்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே ஓடினேன். சௌந்தரம் வாளியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"தாயி, நீங்க எதுக்கு இதெல்லாம்... இனிமே வீட்டுல என்ன ஆகும்?"

"ரெட்டியபட்டிக்கு இனிமே பஸ்ஸு இருக்காண்ணே?"

"இருக்கு. கடைசி பஸ்ஸு. இந்நேரத்துக்கு அங்க எதுக்கு?"

"எங்க சின்னம்மா மக வெள்ளைத்தாய் அங்க இருக்கா. மகன் கல்யாணத்துக்கு எங்க வேட்டியத்தான் வாங்குனா. ஒரு தடவ தொவைச்சதும் சல்லடையாப் போச்சுன்னு எடுத்துட்டு வந்து அழுதா. ஒனக்குத் தொவைக்கத் தெரியல, எங்க துணியவா குறை சொல்ற நாயேன்னு ஊரு முன்னால திட்டி அனுப்புனேன். அன்னையில இருந்து அவ எங்கூடப் பேசுறதில்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஈர வாளியை என் கையில் கொடுத்தாள்.

"அவ பேரும் ஊரு முன்னாலதான போச்சு? நான் போயிச் சத்தமாச் சொல்லிட்டு வாரேன்."

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.